வால்ட்டின் சக்தி எங்கே போனது?

2005 ஜனவரியில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் ஒளிபரப்பான 'லாஸ்ட்' தொடரின் ஓர் எபிசோடில், வால்ட் என்ற சிறுவன் பறவைகள் பற்றிய புத்தகத்தை விரித்துவைத்து, இதைப் பாருங்கள் என்று தாயையும் வளர்ப்புத் தந்தையையும் கூப்பிடுகிறான். அவர்கள் தங்கள் பேச்சிலேயே இருக்கிறார்கள். அவன் குரல் உயர்கிறது. மறுநொடி ஒரு பறவை ஜன்னல் கண்ணாடியில் மோதிச் செத்து விழுகிறது. புத்தகத்தில் அவன் பார்த்துக்கொண்டிருந்த அதே இனம். பின்னாளில் அவன் பயணித்த விமானம் விழுந்த தீவிலோ, அவன் புரட்டிய காமிக்ஸில் இருந்த பனிக்கரடி காட்டுக்குள் நிஜமாகவே திரிகிறது. நினைத்ததை நடத்தும் சக்தி இவனிடம் ஒளிந்திருக்கிறது என்று ரசிகர்கள் ஊகித்தார்கள். இத்தகைய ஊகங்களை வேலையற்றவர்களின் கற்பனை என்று ஒதுக்குவது வழக்கம். அவற்றின் வரலாற்றைப் பார்த்தால், ரசிகர்கள் கதையைக் கவனமாகத்தான் படித்தார்கள் என்பதும், சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் திணறியது தொடர் எடுக்கும் தொழில்தான் என்பதும் தெரிகிறது.

தொடர்கதைக்கு முடிவு ஊகிப்பது தொலைக்காட்சிக்கு முந்திய பழக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் 1870-இல் இறந்தபோது, 12 பகுதிகளாகத் திட்டமிட்ட எட்வின் ட்ரூட் நாவலில் பாதிதான் எழுதி முடித்திருந்தார். மீதியை வாசகர்கள் இன்றும் ஊகிக்கிறார்கள். ஆனால் நாவலின் சிறுவன் எழுத்தாளர் சொல்லும் வயதிலேயே நிற்பான். தொலைக்காட்சியில் பாத்திரம் ஒரு நடிகரின் உடம்பில் வாழ்கிறது. வால்ட்டுக்குக் கதையில் 10 வயது. நடித்த மால்கம் டேவிட் கெல்லிக்கு அப்போதே 12. முதல் சீசன் முழுவதும் கதைக் கணக்கில் ஒன்றரை மாதம்தான், வெளியிலோ பையன் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தான். 2005 மே மாதம் கதையில் அவன் கடத்தப்பட்டான்; அடுத்த சீசன் முடிவில் தீவை விட்டே போய்விட்டான். அதன்பின் தலைகாட்டியதெல்லாம் சில காட்சிகளில்தான்.

ரசிகர்கள் தற்செயலையெல்லாம் சதி என்று படித்துவிடுகிறார்கள் என்பது முதல் ஆட்சேபம். அதில் உண்மை உண்டு. கரடியை வால்ட் வரவழைத்தான் என்ற ஊகம் தவறாகவே போனது. 2006-இல் தொடங்கிய மூன்றாம் சீசனில், ஆராய்ச்சிக்காகக் கரடிகளை அடைத்து வைத்திருந்த கூண்டுகள் காட்டப்பட்டன. கதை சாட்சியத்தோடு மறுத்ததால் அந்த ஊகம் வலுவிழந்தது. பறவைக்கு அப்படி ஒரு மறுப்பு வரவே இல்லை. வால்ட் அறைக்கு வெளியே பறவைகள் செத்துக் குவிந்ததாகப் பின்னால் வெளியான ஒரு குறும்படத்தில் பேச்சு வந்தது. மறுக்கப்பட்டதைக் கைவிட்டு மறுக்கப்படாததைப் பிடித்துக்கொண்டிருப்பது மூடநம்பிக்கை ஆகாது, நிதானமான வாசிப்பு.

கதாசிரியர்கள் அந்தச் சக்தியை வேண்டுமென்றே புகைமூட்டமாக விட்டிருக்கலாம், எல்லா மர்மத்துக்கும் விடை கேட்பது நியாயமா என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் 2006 மே மாதம், பையன் தொடரை விட்டுப் போகும் தறுவாயில், கடத்தியவர்களில் ஒருத்தி அவனைப் பெற்ற தந்தையிடம் ஒரு கேள்வி கேட்கிறாள்: இருக்கக் கூடாத இடத்தில் உங்கள் மகன் எப்போதாவது தோன்றியிருக்கிறானா? மூடுபனியை விரும்பும் கதை இவ்வளவு குறிப்பாகக் கேட்காது. 2010 மே மாதம் தொடர் முடிந்தபோதும் பதில் இல்லை. அந்த ஆண்டு டிவிடியோடு வந்த சுமார் 12 நிமிடப் பின்னிணைப்பில், தீவில் அவனுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. 'பாபிலோன் 5' தொடரை ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஐந்தாண்டுக் கதையாகவே வகுத்தார். 1994-இல் மனம் படிக்கும் டாலியா என்ற பாத்திரத்துக்குப் புதிய ஆற்றல் ஒன்று கிடைக்கிறது; எபிசோடின் முடிவில் அவள் மனத்தாலேயே ஒரு நாணயத்தை நகர்த்துகிறாள். அடுத்த ஆண்டே நடிகை ஆண்ட்ரியா தாம்ப்சன் விலகினார். டாலியாவின் மனத்துக்குள் புதைந்திருந்த வேறோர் ஆளுமை விழித்து அவளை அழித்துவிட்டது என்று கதை திரும்பியது. பெரும் ஆற்றல் பெறும் பொறுப்பு முன்னோட்டப் படத்தில் வந்த லைட்டா என்ற பாத்திரத்துக்குப் போனது. பாத்திரங்களிலிருந்து வெளியேறும் வழிகளை ஸ்ட்ராசின்ஸ்கி முன்பே யோசித்து வைத்திருந்ததால் கதை பிழைத்தது. ஆனால் நாணயத்தைப் பார்த்து டாலியாவின் எதிர்காலத்தைக் கணித்தவர்களின் வாசிப்பிலும் பிழை எதுவும் இல்லை.

ஒளிபரப்பிக்கொண்டே எழுதப்படும் தொடரில், ஒளிந்திருக்கும் சக்தி என்பது பின்தேதியிட்ட காசோலை. எழுதியவரிடம் அன்றைக்குப் பணம் இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. நடிகர், ஒப்பந்தம், சேனல் எல்லாம் அதற்குள் மாறிவிடலாம். ரசிகர்களின் ஊகம் அந்தக் காசோலைகளுக்குக் கணக்கு வைத்தது. முடிவைச் சரியாகச் சொன்னதா என்று மட்டும் அதை அளப்பது நியாயமில்லை. தொடர் எதையெல்லாம் தருவதாகச் சொல்லித் தராமல் விட்டது என்பதற்கு அதுவே ஆதாரம்.