கேட்காமல் திறந்த கதவு: கொவிட் காலத்தில் இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்கள்

2020 ஏப்ரலில் லண்டனில் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. யன்னல் கண்ணாடிக்கு உள்ளே சின்ன அம்மம்மா, வெளியே சித்தி. சின்ன அம்மம்மாவுக்குக் காது கேளாது. 'ஏன் உள்ளே வராமல் நிற்கிறாய்?' என்று சைகையால் கேட்டாராம். அந்தப் படத்துக்குப் பின்னர்தான் அந்நாட்டுப் பராமரிப்பு இல்லங்கள் பற்றிய அறிக்கைகளையும் தீர்ப்புகளையும் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

வெளியே நின்ற மகளுக்குக் கதவு மூடியிருந்தது. வைத்தியசாலைகளுக்கு அது திறந்திருந்தது. 2020 மார்ச் 17ஆம் திகதி, வீடு திரும்பும் நிலையில் இருந்த நோயாளர்களை அனுப்பிக் கட்டில்களைக் காலியாக்குமாறு தேசிய சுகாதார சேவை வைத்தியசாலைகளுக்கு அறிவுறுத்தியது. ஏப்ரல் 15 வரை ஏறத்தாழ 25,000 பேர் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். 'தொற்று இல்லை' என்ற பரிசோதனை முடிவு அவசியமில்லை என்று ஏப்ரல் 2ஆம் திகதிய அரச வழிகாட்டி கூறியது. அனைவரையும் பரிசோதித்தே அனுப்ப வேண்டும் என்ற அறிவிப்பு ஏப்ரல் 15இல்தான் வந்தது. ஏற்கெனவே அங்கு வசித்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அது அவர்களுடைய வீடு.

மார்ச் 2 முதல் ஜூன் 12 வரை இல்லவாசிகள் 18,562 பேர் கொவிட்டுடன் இறந்ததாக சர்வதேச மன்னிப்புச் சபையின் அறிக்கை சொல்கிறது. அத்தனைக்கும் வைத்தியசாலையிலிருந்து வந்தவர்கள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது; ஊழியர்கள் மூலமும் தொற்று பரவியது.

இல்லங்களில் தந்தையரை இழந்த இரு பெண்கள் வழக்குத் தொடுத்தனர். 2022 ஏப்ரல் 27ஆம் திகதி மேல் நீதிமன்றம் அந்த மார்ச், ஏப்ரல் அறிவுறுத்தல்கள் சட்டத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் தொற்றலாம் என்ற ஆபத்தை அவை கணக்கில் எடுக்கவில்லை. புதிதாக வருபவரை இயன்றவரை 14 நாட்கள் தனியே வைக்கும்படியாவது சொல்லியிருக்க வேண்டும் என்றது. வெற்றிதான். ஆனால், உயிர்வாழும் உரிமை மீறப்பட்டது என்ற வாதத்தை அதே நீதிமன்றம் நிராகரித்தது. தலைப்புச் செய்திகளில் இந்தப் பாதி பெரும்பாலும் காணாமற்போனது.

இதயம் நின்றால் மீள இயக்க முயல வேண்டாம் என்ற குறிப்பும் அப்படித்தான். ஒவ்வொருவருடனும் பேசி எடுக்கவேண்டிய முடிவு அது. சில இடங்களில் அதை மொத்தமாக ஒரு குழுவுக்கே எழுதிவிடுகிறார்கள் என்ற கவலை எழுந்ததால், அவ்வாறு செய்யக்கூடாது என 2020 ஏப்ரல் 1ஆம் திகதி வைத்தியர் சங்கமும் பராமரிப்புத் தர ஆணைக்குழுவும் கூட்டறிக்கை விடவேண்டி வந்தது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. தனியார் இல்லம் ஒரு பொது அதிகார அமைப்பல்ல, ஆகவே 1998ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டம் அதை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று 2007இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. பின்னர் வந்த சட்டங்கள், அரசு ஏற்பாடு செய்த அல்லது செலவேற்ற பராமரிப்புக்கு மட்டும் அந்த ஓட்டையை அடைத்தன. சின்ன அம்மம்மா வீட்டை விற்ற காசில் தங்கியிருந்தவர். அவர் அந்த வேலிக்கு வெளியே.

2024 ஏப்ரல் 6 முதல் புதிய ஒழுங்குவிதியொன்று நடைமுறையில் இருக்கிறது: விதிவிலக்கான சூழ்நிலை தவிர, இல்லவாசி விரும்பும் பார்வையாளரைத் தடுக்கக்கூடாது. எது விதிவிலக்கு என்பதை முதலில் தீர்மானிப்பது இல்ல நிர்வாகமே.