பலிபீடமும் எரிபலியும்: பண்டைய யூதப் பலிமுறையும் தமிழ்ப் பலி மரபும்

ஆய்வுச் சுருக்கம்

எபிரேய விவிலியத்தின் எரிபலியைத் தமிழகச் சிற்றூர்களின் கிடாவெட்டோடும் வேத வேள்வியோடும் நிகராக வைத்து நோக்குவது எளிது. பலியிட்ட உயிரின் இறைச்சி யாரைச் சென்றடைந்தது என்னும் வினாவை முன்வைத்தால் அந்நிகர்மை தளர்கிறது. இக்கட்டுரை சிலப்பதிகாரம், தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு, ஆறுமுக நாவலரின் வாதம் ஆகியவற்றின் வழி அவ்வினாவை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பலி, எரிபலி, பலிபீடம், கண்ணகி கோட்டம், லேவியராகமம், நாவலர்.

கூடலூர்க் கோட்டமும் இருவகைப் பலியும்

தேனி மாவட்டம் கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து மலையேறிச் சென்றால் தமிழக – கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோட்டத்தை அடையலாம். சித்திரை முழுநிலவன்று மக்கள் திரளும் இவ்விடத்தையே செங்குட்டுவன் எடுப்பித்த கோட்டமாகப் புலவர் சி. கோவிந்தராசனார் 1963இல் அடையாளங்காட்டினார். அவ்வடையாளம் பற்றிய விவாதத்திற்குள் இக்கட்டுரை புகவில்லை. கண்ணகி வழிபாட்டின் தொடக்கத்தைக் கூறும் சிலப்பதிகாரப் பகுதிகள் பலியைச் சுட்டும் சொற்களை வேறுபடுத்தி ஆள்கின்றன என்பதே இங்குக் கருதத்தக்கது.

கண்ணகியின் சினத்தால் மழைவளம் குன்றிய பாண்டிய நாட்டில் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று அவளைத் தணிவித்தான் என்பது செய்தி. உரைபெறு கட்டுரை அதனைக் ‘களவேள்வி’ என்கிறது. நீர்ப்படைக் காதை ‘உயிர்ப்பலி’ என்கிறது. அதே உரைபெறு கட்டுரை, இலங்கைக் கயவாகு கண்ணகிக்கு அமைத்ததை ‘நாட்பலி பீடிகை’ என்று குறிக்கிறது. முன்னது குருதி சிந்திய சாந்தி. பின்னது நாள்தோறும் இடும் படையலுக்குரிய மேடை. கொலையைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘உயிர்’ என்னும் அடை தேவைப்பட்டிருக்கிறது. அடையின்றி நிற்கும் ‘பலி’ கொலையைக் கட்டாயமாகக் குறிக்கவில்லை.

சங்கப் பாடல்களும் இதற்குச் சான்று தருகின்றன. குறுந்தொகை 210ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பேசும் காக்கைக்குரிய பலி நெய் கலந்த சோறு. திருமுருகாற்றுப்படையின் வெறியாட்டில் ஆட்டின் குருதி கலந்த வெள்ளரிசி பலியாகிறது. அங்கும் குருதி அரிசியோடு கலந்தே தெய்வத்தை அடைகிறது, தீயில் எரிக்கப்படுவதில்லை. சோழர்காலக் கோயில்களின் ‘ஸ்ரீபலி’யும் அன்னப் படையலோடு பீடங்களை வலம்வரும் சடங்கே. பலி என்பது தமிழில் முதன்மையாக ஊட்டுதல். நீர்ப்படைக் காதையிலும் உயிர்ப்பலி ‘ஊட்ட’ப்படுவதாகவே வருகிறது.

லேவியராகமத்தின் பங்கீடு

எபிரேயப் பலிமுறை ஒற்றைச் சடங்கன்று. லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்கள் அதனை ஐந்தாக வகுக்கின்றன. ‘ஓலா’ எனப்படும் எரிபலியில் விலங்கு முழுவதும் பலிபீடத்தில் எரிக்கப்படும். தோல் மட்டும் ஆசாரியனுக்கு உரியது. ‘ஏறிச் செல்வது’ என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். புகையாய் மேலே எழுவது என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது. கொடுத்தவன் அதில் ஒரு துண்டும் உண்ணான். எருசலேம் கோயிலில் காலை ஓர் ஆட்டுக்குட்டியும் மாலை ஓர் ஆட்டுக்குட்டியும் நாள்தோறும் இவ்வாறு எரிக்கப்பட்டன.

‘செலாமிம்’ வேறு. அதில் கொழுப்பு எரிக்கப்படும். மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியர்க்குச் செல்லும். எஞ்சிய இறைச்சியைக் கொடுத்தவனும் அவன் வீட்டாரும் உண்பர். நன்றிப்பலியாயின் அன்றைக்கே உண்டு தீர்க்க வேண்டும். பொருத்தனைப்பலியாயின் மறுநாளும் உண்ணலாம். ‘மின்ஹா’ மாவும் எண்ணெயும் சாம்பிராணியும் கொண்டது. உயிர்க்கொலை அதில் இல்லை. பாவத்திற்கும் குற்றத்திற்கும் உரிய எஞ்சிய இரண்டில் இறைச்சியின் பெரும்பகுதி ஆசாரியர்க்குரியது. ஆட்டுக்கு வழியற்றவன் இரு புறாக்களையும், அதற்கும் வழியற்றவன் மாவையும் பாவப்பலியாகக் கொண்டுவரலாம் என்னும் விதி (5:7–11), கொலையையே பலியின் சாரமாகக் கொள்வோர் நின்று நோக்க வேண்டிய ஒன்றாகும்.

குருதி எவ்வகையிலும் மனிதர்க்கு உரியதன்று. உயிர் குருதியில் உள்ளது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். அது பலிபீடத்தில் தெளிக்கப்பட்டது.

பீடத்துத் தீயும் அடுப்புத் தீயும்

கம்பம் பள்ளத்தாக்கு உள்ளிட்ட மதுரை வட்டாரத்துக் கிடாவெட்டை இப்பங்கீட்டின் அருகில் வைத்துக் காணலாம். கிடாயின் மேல் மஞ்சள்நீர் தெளிப்பர். அது உடலைச் சிலிர்த்தால்தான் தெய்வம் ஏற்றதாகக் கொண்டு வெட்டுவர். எபிரேய முறையில் கொடுப்பவன் விலங்கின் தலைமேல் கைவைக்கிறான். முன்னதில் கேட்கப்படுவது இசைவு. பின்னதில் நிறுவப்படுவது கொடுப்பவனுக்கும் கொடைக்கும் உள்ள உறவு. பல ஊர்களில் தலை பூசாரிக்குச் செல்கிறது. உடல் கறியாகிப் பங்காளிகளுக்கும் உறவினர்க்கும் பந்தியில் பரிமாறப்படுகிறது. தீ பீடத்தில் இல்லை, அடுப்பில் இருக்கிறது. ஆகவே கிடாவெட்டுக்கு நெருங்கிய எபிரேய இணை செலாமிம், ஓலா அன்று. குருதியில் மட்டும் இருமரபும் முற்றாகப் பிரிகின்றன. மதுரைப் பக்கத்துச் சமையலில் ஆட்டு இரத்தப் பொரியல் விலக்கான உணவன்று.

வேத வேள்வியையும் ஓலாவுக்கு நேரெனக் கூற இயலாது. கரிகாலன் பருந்து வடிவ வேள்விக்களத்தில் யூபம் நட்டு வேள்வி செய்ததைப் புறநானூறு 224 கூறுகிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் வேள்விக்கொடையை வேள்விக்குடிச் செப்பேடு நினைவுகூர்கிறது. அவ்வேள்விகளின் பசுபந்த முறையில் வபை எனப்படும் கொழுப்புச் சவ்வும் குறித்த சில உறுப்புகளும் தீயிலிடப்பட்டன. ஒரு பங்கை வேள்வியாளர் உண்டனர். முழு உடலையும் எரித்து, உண்பார் யாரும் இன்றிவிடும் கொடைக்குத் தமிழ் மண்ணில் வழக்கமான இணை இல்லை.

மொழிபெயர்ப்பில் நேர்ந்தது

அந்த இன்மை மொழிபெயர்ப்பாளரின் சொல்லாக்கத்தில் தெரிகிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1719இல் அவர் மறைந்தபோது ரூத் வரை வந்திருந்தது. சூல்சு அதனை முடித்தார். பின்னர்ப் பப்பிரிசியசின் மொழிபெயர்ப்பும், பவர் தலைமையிலான திருத்தமும் வந்தன. இன்றும் புழங்கும் புரொட்டஸ்டண்டுப் பதிப்பில் ஓலா ‘சர்வாங்க தகனபலி’ ஆகியுள்ளது. வெறும் ‘பலி’ என்றால் தமிழ்க் காதில் படையலும் பந்தியும் ஒலிக்கும். ‘சர்வாங்க’, ‘தகன’ என்னும் இரு அடைகளும் அவ்வொலியை அடக்கவே வந்தன எனலாம். மாறாக, மாவுக் கொடையைப் ‘போஜனபலி’ எனத் தயங்காமல் கூற முடிந்தது. காக்கைக்கு இட்ட சோற்றையும் பலி என்ற மொழி அது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ஓலாவை ‘எரிபலி’ எனச் சுருக்கியது. மின்ஹாவைப் ‘படையல்’ என மாற்றியது. அதற்குள் ‘பலி’ என்னும் சொல் கொலைப் பொருளை நோக்கிச் சாய்ந்துவிட்டிருந்தது.

‘பலிபீடம்’ என்னும் சொல்லின் நிலை இன்னும் சிக்கலானது. தமிழ்க் கோயிலில் கொடிமரத்தருகே நிற்பது அன்னம் இடும் பீடம். எருசலேமில் இருந்தது எரிக்கும் மேடை. ஒரே சொல் இரண்டையும் தாங்கியபோது, தமிழ் வாசகர் எருசலேம் கோயிலைத் தமக்கு அறிமுகமான கோயிலாகவே கண்டிருப்பர்.

நாவலரின் இரட்டை நிலை

அவ்வாறு கண்டவருள் தலையாயவர் ஆறுமுக நாவலர். பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் துணைநின்ற அவர், 1854இல் வெளியிட்ட ‘சைவ தூஷண பரிகார’த்தில் பழைய ஏற்பாட்டின் சடங்குப் பகுதிகளைச் சைவ வழிபாட்டோடு அடுக்கிக் காட்டினார். கோயில், தீபம், தூபம், நிவேதனம் ஆகியவற்றைப் பழிப்போர் தம் மறைநூலையே பழிப்பவராவர் என்பது அவர் வாதம். வாத வன்மையில் அதற்கு ஈடு குறைவு. எனினும் அதே நாவலர் யாழ்ப்பாணத்துக் கண்ணகி வழிபாட்டையும் சிறுதெய்வக் கோயில்களின் உயிர்ப்பலியையும் கடுமையாகக் கண்டித்தார். பின்னாளில் அங்குள்ள கண்ணகி கோயில்கள் சில இராசராசேசுவரி, புவனேசுவரி எனப் பெயர் மாறின.

லேவியராகமத்தில் தூபமும் தீபமும் குருதியோடு பிரிக்க இயலாதபடி பிணைந்தவை. நாவலர் ஆகமக் கோயிலுக்கு ஏற்றவற்றை எடுத்துக்கொண்டு, கிடாவெட்டும் ஊரவர் தமக்கெனக் கோரியிருக்கக்கூடிய பகுதியை விட்டுவிட்டார். செலாமிம் பந்தியை வாதத்திற்கு எடுத்திருந்தால் அது அவர் கண்டித்த கோயில்களுக்கே அரணாகியிருக்கும்.

இடத்தைக் கட்டுப்படுத்துதல்

பலியின் வரலாற்றில் அரசும் தலைமைக் கோயிலும் முதலில் கைவைப்பது இடத்தின் மேல். கி.மு. 622 அளவில் யோசியா மன்னன் ஊர்தோறும் இருந்த மேடைகளை இடித்துப் பலியை எருசலேமுக்கு மட்டும் உரியதாக்கினான் என்பது விவிலியக் கூற்று. அதனால் உபாகமம் 12, ஊர்களில் பலியின்றியே விலங்கறுத்து உண்ண இசைவு தர வேண்டியதாயிற்று. கொலை வேறு, பலி வேறு என்னும் பிரிவு அங்குப் பிறக்கிறது. எகிப்தின் எலிபண்டைன் தீவில் வாழ்ந்த யூதர், கி.மு. 410இல் இடிக்கப்பட்ட தம் கோயிலை மீளக் கட்ட கி.மு. 407இல் விண்ணப்பித்தனர். விண்ணப்பத்தில் மாவும் தூபமும் எரிபலியும் இருந்தன; கிடைத்த இசைவில் மாவும் தூபமும் மட்டுமே இருந்தன. கி.பி. 70இல் உரோமர் எருசலேம் கோயிலை அழித்தபின் எரிபலி நின்றது. மிஷ்னா அதன் விதிகளைப் பாடமாகக் காத்தது.

சென்னை மாகாணத்தில் 1950இல் இயற்றப்பட்ட விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டமும் இடத்தையே பற்றிக்கொண்டது: கோயிலிலும் அதன் எல்லைக்குள்ளும் தெய்வத்தை மகிழ்விக்கும் நோக்கில் செய்யும் கொலையை அது விலக்கியது. நெடுங்காலம் உறங்கிய அச்சட்டத்தைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த 2003 ஆகஸ்டில் ஆணை பிறந்தது. எதிர்ப்புக்குப் பின் 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. சட்டம் பலியைக் கொலையால் வரையறுத்தது. எதிர்த்த ஊரவர்க்கு அது நேர்த்திக்கடனும் பந்தியும் பங்காளி உறவுமாக இருந்தது. அறுத்த கிடாய் எங்குச் சென்றது என்னும் வினாவுக்கு அச்சட்டத்தின் வரையறையில் இடமில்லை.