கம்ப்யூட்டரில் ஜெயித்த வித்தையும் கோவையில் ஜெயித்த டீமும்

கால்பந்து மேனேஜர் கேம்களில் பந்தை உதைக்கவே முடியாது. ஆள் எடுப்பது, சம்பளம் பேசுவது, யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பது... அவ்வளவுதான் வேலை. இதில் என்ன சுவாரஸ்யம் என்று கேட்பவர்கள் ஒரு சீசன்கூட ஆடிப் பார்த்திருக்க மாட்டார்கள்!

பால், ஆலிவர் கோல்யர் என்ற இங்கிலாந்துச் சகோதரர்கள் உருவாக்கிய 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' 1992-ல் வந்தது. 2003-ல் அவர்களுடைய நிறுவனமும் அதை வெளியிட்டுவந்த ஈடோஸும் பிரிந்தபோது பெயர் ஈடோஸிடம் தங்கிவிட்டது. புரோகிராமும் ஆட்டக்காரர் விவரங்களும் சகோதரர்கள் பக்கம். அவைதான் 2004-ல் 'ஃபுட்பால் மேனேஜர்' ஆயின. கணக்குப்பதிவியலில் வரும் குட்வில்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பெயரை வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள், சரக்கை வைத்திருந்தவர்கள் நிலைத்தார்கள்.

இந்த கேமில் ஜெயிக்க ஆடுகிறவர்கள் கண்டுபிடித்த வழிகள் இரண்டு. ஒன்று, புரோகிராமின் ஓட்டையைப் பிடிப்பது. 03/04 பதிப்பில் 'டயாப்லோ' என்றொரு வியூகம் பிரபலம். நடுக்கள ஆட்டக்காரர் ஒருவருக்கு முன்னால் ஓடும்படி அம்புக்குறி போட்டால் போதும், கோல்களாகக் குவிப்பார். இது வெறும் ஏமாற்று வேலை, விட்டுவிடலாம்.

இரண்டாவதுதான் விஷயம்: பிறர் கண்ணில் படாதவரை மலிவாக வாங்குவது. 01/02 பதிப்பில் பெலாரஸின் மாக்சிம் சிகால்கோவை வாங்காதவர் குறைவு. நிஜத்தில் காயங்களால் சீக்கிரமே ஆட்டத்தை விட்ட அவர், 2020-ல் 37 வயதில் இறந்துபோனார். அதே பதிப்பில் கோலாக அடித்துத் தள்ளிய டோ மதெய்ரா என்ற போர்ச்சுகல்காரரோ நிஜத்தில் பிறக்கவே இல்லை :)

இந்த இரண்டாவது வித்தை நிஜ மைதானத்தில் பலிக்குமா? தமிழ்நாட்டிலேயே பலித்தது. சென்னை சிட்டி எஃப்சி, பெயரில்தான் சென்னை. ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். காட்டுப்பாக்கத்து ரசிகர் பார்க்க வேண்டுமானால் ரயிலேற வேண்டும்! முந்தைய ஐ-லீக் சீசனில் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்த டீம் அது.

2018-19 சீசனுக்கு சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் வந்தார். இந்தியாவில் யாரும் கேள்விப்படாத பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ஆகியோர் ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளிலிருந்து வந்தார்கள். கூடவே எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள். மான்சி மட்டும் 21 கோல். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட்டது. மான்சி பெனால்டியில் சமன் செய்ய, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை!

கேமில் இந்த இடத்தில் சேவ் செய்துவிட்டு அதே டீமோடு அடுத்த சீசனுக்குப் போகலாம். கோவையில் அது நடக்கவில்லை. மலிவாக வந்தவர்களின் விலை ஏறிவிட்டது. நெஸ்டர் ஹைதராபாத்துக்கும் எட்வின் சென்னையின் எஃப்சிக்கும் போனார்கள். மான்சி 2020-ல் ஜப்பானுக்குப் போனார். 2020-21க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.