மல்டிமீட்டர் மூவ்மெண்ட்: பழுதும் பரிகாரமும்

முள்ளின் அசைவினால் அளவு காட்டும் பழைய மல்டிமீட்டரில், மின்சாரத்தைச் சுழற்சியாக மாற்றித் தரும் நடுப்பகுதியைப் பழுது பார்ப்பவர்கள் மூவ்மெண்ட் என்று அழைக்கிறார்கள். நிலைக்காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே மெல்லிரும்பு உருளை ஒன்று நிற்க, அவ்வுருளையைச் சூழ்ந்த குறுகிய இடைவெளியில், அலுமினியச் சட்டத்தின்மேல் மெல்லிய தாமிரக் கம்பி சுற்றப்பட்ட சுருள், இரு முனைகளிலும் எஃகு ஊசிகளால் இரத்தினக் கல் குழிகளில் தாங்கப்பெற்றுச் சுழல்கிறது. பாஸ்பர் வெண்கலத்தாலான இரண்டு ஹேர் ஸ்பிரிங்குகள், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுருண்டு, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பும் தொழிலையும், சுருளுக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் தொழிலையும் ஒருங்கே செய்கின்றன. முள் தாறுமாறாக ஊசலாடாமல் சட்டென்று நிலைகொள்வதற்கு, அந்த அலுமினியச் சட்டத்தில் எழும் சுழல் மின்சாரமே காரணம்.

இவ்வமைப்பின் மூலம் 1882-இல் பிரான்ஸ் தேசத்தில் தார்சோன்வாலும் தெப்ரேயும் செய்த கால்வனாமீட்டர் ஆகும். அதைக் கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவியாக்கிய பெருமை, 1888-இல் அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டனைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் தபால் இலாகாவின் பொறியாளரான டொனால்ட் மெக்கேடியின் யோசனையால் 1923-இல் ஆவோ மீட்டர் என்ற மல்டிமீட்டர் பிறந்தது. அதன் எட்டாம் மாடல் 1951-இல் வெளிவந்து, 2008 வரையில் உற்பத்தியில் இருந்தது. நம் நாட்டில் நாசிக்கிலிருந்து மோட்வானி நிறுவனம் செய்தளித்த மீட்டர்களும் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் பரவின.

காவிரி டெல்டாவுக்கு இக்கருவி வந்த வழி இரண்டு. 1939-இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கிய பின் பெருகிய ரேடியோப் பெட்டிகளைப் பழுது பார்ப்பது ஒன்று. பில்டர் பாயிண்ட் கிணறுகளில் மின் மோட்டார்கள் இறங்கிய பின், அவற்றைச் சோதிக்கும் அவசியம் மற்றொன்று. ஆனால், நெல்லுக்கு உகந்த நீர்வளம் மூவ்மெண்டுக்கு உகந்ததன்று. தாராசுரத்திலும் கும்பகோணத்திலும், ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில், சம்பா வயல்களில் நிற்கும் நீரும் வடகிழக்குப் பருவமழையும் காற்றை ஈரமாகவே வைத்திருக்க, பரணில் மறந்து வைத்த மீட்டரினுள்ளே எஃகு ஊசிமுனை துருவேறுகிறது. ஸ்பிரிங்கின் பற்றவைப்பில் களிம்பு பூக்கிறது. கசிந்த பாட்டரியின் உப்பு ஓசையின்றிக் கம்பியை அரிக்கிறது.

முள் அசையவில்லை என்பதனாலேயே மூவ்மெண்ட் கெட்டுவிட்டதென்று முடிவு செய்வது பெரும்பிழை. ஃபியூஸ் அறுந்திருக்கலாம், சுழல் சுவிட்சின் தொடுமுனை கறுத்திருக்கலாம், மூவ்மெண்டைக் காக்கும் பொருட்டுக் குறுக்கே வைத்த டையோடு கசிந்து, முள்ளை அரை வழியில் நிறுத்தியிருக்கலாம். ஆதலால் முதலில் மூவ்மெண்டின் ஒரு கம்பியைக் கழற்றி, அதைச் சுற்றிலிருந்து தனிப்படுத்த வேண்டும். பின்பு வேறொரு மீட்டரின் ஓம் அளவில் வைத்துச் சோதிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அது ஆபத்தான வழக்கம். தாழ்ந்த ஓம் அளவில் அந்த மீட்டர் செலுத்தும் மில்லி ஆம்பியர்கள், மைக்ரோ ஆம்பியரில் இயங்கும் சுருளுக்குப் பன்மடங்கு அதிகமாகி, முள்ளை ஓரத் தடுப்பில் மோதி வளைத்துவிடும். ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்ற மீட்டருக்கு முழு அளவு 50 மைக்ரோ ஆம்பியர், 1.5 வோல்ட் செல்லுடன் 100 கிலோ ஓம் தடையைத் தொடராக இணைத்தால் ஓடுவது சுமார் 15 மைக்ரோ ஆம்பியர்தான். முள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக எழுந்து நின்றால் சுருளும் ஸ்பிரிங்குகளும் நலம். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது.

முள் எழுந்து நடுவே சிக்கி நிற்குமாயின், மேல்மூடியைத் திறக்கும் முன் அதன்மேல் வாயால் ஊதி ஈரமூச்சுப் படியச் செய்து பார்ப்பது நல்லது. உலர்ந்த துணியால் துடைத்த கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் தேங்கும் நிலைமின்சாரமே முள்ளை இழுத்து வைத்திருப்பதுண்டு. அப்படியானால் நீர்த்த சோப்புக் கரைசலைத் தடவி உலரவிட்டால் போதும். அதற்கும் அசையாவிடில் காந்த இடைவெளியில் இரும்புத் துகள் புகுந்திருக்கலாம். இதை எஃகுச் சாமணத்தால் எடுக்க முயன்றால் காந்தம் சாமணத்தையே இழுத்துச் சுருளின்மேல் அறையும். ஆகவே மூங்கிற் சிம்பின் நுனியில் பசைத்தாள் சுற்றி, துகளை ஒட்டி எடுக்க வேண்டும்.

ஊசிமுனைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கைக்கடிகாரம் பழுது பார்த்துப் பழகியவர்கள், அந்தப் பழக்கத்தினாலேயே, கல் குழியில் ஒரு துளி எண்ணெய் இடுவார்கள். மூவ்மெண்டுக்கு எண்ணெய் ஆகாது. அது தூசியைச் சேர்த்துப் பசையாகி, முள்ளை ஒட்டவைக்கும். துருவேறிய முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். விண்ட கல்லை மாற்றத்தான் வேண்டும். மேற்கல்லின் திருகை இறுக்கி முடிப்பதும் தவறு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான அளவு ஆட்டம் அங்கே இருக்க வேண்டும்.

மீட்டரைக் கிடையாக வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தியபின், முள் கிடையாக அமையும்படி நிமிர்த்திப் பார்க்கையில் அது விலகினால் முள்ளின் வாற்பக்கத்து எடையையும், முள் செங்குத்தாக அமையும்படி நிறுத்துகையில் விலகினால் பக்கவாட்டு எடைகளையும் சிறிது சிறிதாக நகர்த்திச் சமன்செய்வர்.

சுருளில் மின்சாரமே ஓடாதபோது, கம்பி அறுந்த இடம் பெரும்பாலும் ஸ்பிரிங்குடன் பற்றவைத்த வெளிமுனையாகவே இருப்பது அதிருஷ்டம்தான். அரைச் சுற்றை அவிழ்த்து, எனாமலைச் சுரண்டி மறுபடி பற்றவைத்தால் கருவியின் உணர்வு குறிப்பிடத்தக்க அளவு குறையாது. தாராசுரத்துத் தறியில் அறுந்த பட்டிழையை இழுக்காமல் முடிந்து சேர்க்கிற கைக்குரிய நிதானம் இதற்கும் வேண்டும். பற்றவைக்க ரோசின் தவிர வேறொன்றையும் உபயோகிக்கலாகாது. பாத்திரங்களுக்குப் பற்றுவைக்கும் அமிலம் எவ்வளவு கழுவினாலும் எஞ்சி, சில மாதங்களில் ஸ்பிரிங்கை அரித்துவிடும். அறுப்பு சுருளின் உள்ளே இருக்குமானால், முழுவதையும் திரும்பச் சுற்றுவதைத் தவிர வழியில்லை.

காந்தத்தைக் கழற்றுவதோ கடைசிப் பரிகாரம். துருவங்களை இணைக்கும் மெல்லிரும்புத் துண்டைக் குறுக்கே வைக்காமல் பழைய காந்தத்தைப் பிரித்தெடுத்தால், அது தன் வலிமையில் ஒரு பகுதியை அப்பொழுதே இழக்கிறது. அதன்பின் ஒவ்வோர் அளவும் குறைவாகவே காட்டும், மீண்டும் காந்தமேற்றும் சாதனம் சாதாரணப் பட்டறையில் கிடையாது. முதுமையால் கெட்ட மூவ்மெண்டுகளைக் காட்டிலும், அவசரமாகப் பிரித்தவர் கையில் கெட்டவையே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

பரணில் பழைய மீட்டர் வைத்திருக்கும் டெல்டா வாசகர்கள், ஐப்பசி மழை தொடங்குமுன் அதை இறக்கி, பாட்டரிகளை வெளியே எடுத்துவிட்டு, ஆஃப் என்ற நிலை இருந்தால் சுவிட்சை அதில் வைத்து, உலர்ந்த டப்பாவில் மூடி வைக்கும்படி வேண்டுகிறேன்.