பூட்டன் விற்ற நிலம்

நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் கதை: "பூட்டன் கள்ளுக்கு நிலத்தை விற்றுவிட்டான்."

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் பறையர்களின் நிலமின்மை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். அதையடுத்து 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையுடன் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். மீறிய கிரயம் செல்லாது. பூட்டன் குடித்திருந்தாலும் நிலம் கைமாறியது சட்டப்படி ஆகாது.

பாட்டி சொல்லும் கிணற்றின் பெயரைக் குறித்துக்கொண்டு சர்வே எண்ணைத் தேடுங்கள். பழைய அ-பதிவேட்டையும் 1980களின் நில உடைமை மேம்பாட்டுப் பதிவேட்டையும் ஒப்பிடுங்கள். கர்ணம் எழுதிய பதிவேட்டிலும் சாதி உண்டு. அதையும் கேள்வி கேளுங்கள். முன்னோர் மேல் பழி சுமத்தி, நிலத்தை மறக்கவைக்கும் கதையை முதலில் சோதியுங்கள்.