தலையால் ஒட்டிக்கொண்ட உயிர்

கடற்கரைப் பாறைகளிலும் கப்பல்களின் அடியிலும் சிறு சுண்ணாம்புக் கூம்புகளாக அப்பியிருக்கும் கொட்டலசை நாம் உயிரென்றே எண்ணுவதில்லை. அறிஞர்களும் நெடுங்காலம் அதைச் சிப்பி, நத்தைகளின் இனமென்றே கருதினர். பெரும் உடற்கூறியலாளரான க்யூவியேயின் வகைப்பாட்டிலும் அதற்கு அந்த இடமே.

அதை மாற்றியவர் அயர்லாந்தின் கார்க் நகரில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் ஜான் வாகன் தாம்சன். 1826ஆம் ஆண்டு இளவேனிலில், வலையில் அகப்பட்ட நீந்தும் சிற்றுயிர்கள் சிலவற்றைக் கடல்நீர் நிரம்பிய கண்ணாடிக் கலத்தில் இட்டுவைத்தார். சில நாட்களில் அவற்றுள் இரண்டு தோலுரித்து, கலத்தின் அடியில் ஒட்டிய கொட்டலசுகளாகியிருந்தன. அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவான உயிர் என்பதை 1830இல் அவர் எழுதி வெளியிட்டார். முதிர்ந்த உடல் மறைத்த வம்சத்தை இளமை காட்டிக்கொடுத்தது.

தாம்சன் கண்ட அந்த இறுதி இளம்பருவத்துக்கு சைப்ரிட் என்று பெயர். அது உண்பதில்லை; சேர்த்துவைத்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. அது தீருமுன் இடம் தேடியாக வேண்டும். இரு உணர்கொம்புகளின் நுனியிலுள்ள தட்டுகளால் பாறையைத் தொட்டுத் தொட்டு நடக்கிறது. தற்காலிகப் பசையால் தடம் பதிக்கிறது. இடம் ஒவ்வாவிட்டால் நீந்திப் போய்விடும். ஒவ்வினால் வேறொரு பசையைச் சுரக்கிறது, பிறகு மீட்சியில்லை. தலைப்பக்கம் ஒட்டியபடி, வாழ்நாளெல்லாம் கால்களால் உணவை வாரி உண்கிறது.

இந்தப் பசை சார்லஸ் டார்வினையும் ஆட்கொண்டது. 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் கொட்டலசுகளை அறுத்து ஆராய்ந்த அவர், பசைச் சுரப்பிகள் சூலகத்தின் உருமாற்றமே என்று எழுதினார். ஓர் உறுப்பு மற்றொன்றாக மாறக்கூடும் என்ற அவரது எண்ணத்துக்கு இசைவான சான்று அது. ஆனால் அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' வெளியான அதே 1859இல், ஆகஸ்ட் க்ரோன் என்னும் விலங்கியலாளர் அது தவறென்று காட்டினார். டார்வின் வாதாடவில்லை, தன்வரலாற்றில் அப்பிழையை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

ஈரப் பாறையில் பசை எப்படிப் பிடிக்கிறது என்ற கேள்விக்கு 2014இல் ஒரு விடை கிடைத்தது. சைப்ரிட் சுரப்பது கொழுப்பும் புரதமும். கொழுப்பு நீரை விலக்கி இடம் தர, புரதம் பற்றிக்கொள்கிறது. பசையின் ஊற்றுக்கண்ணைக் கண்டறிவதில் டார்வின் பிழைபட்டார். ஆனால் கடுகினும் சிறிய உயிரின் பசைக்காக ஆண்டுகளைச் செலவிடலாம் என்ற அவரது துணிவை, பின்வந்தோர் வீணாக்கவில்லை.