பழுது பார்க்க வந்து பழுதாக்கிய கருவிகள்



பழுது பார்க்க வந்தவனே பழுதை உண்டாக்கிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? கணினியின் வரலாற்றில் அப்படி ஒரு காலம் இருந்தது. நம் பிள்ளைகள் பாடங்களையும் படங்களையும் பென்டிரைவில் சேர்த்து வைக்கும் இந்நாளில், அந்த வரலாற்றை நாம் அறிந்திருப்பது நல்லது.

கணினியின் வட்டில் கோப்புகள் எப்படி இருக்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். தோட்டத்து ஆபீசில் கிராணியார் வைத்திருக்கும் பெயர்ப் பதிவேட்டை நாம் அறிவோம். இன்னார் பெயர், இன்ன எண், இன்ன லயத்தில் வீடு என்று அதில் வரி வரியாக இருக்கும். வட்டிலும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. கோப்பின் பெயர், அதன் அளவு, அது வட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். பதிவேடு கெட்டால், கோப்பு வட்டிலேயே கிடந்தாலும் நம் கைக்கு வந்து சேராது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் 1977-ஆம் ஆண்டில் மார்க் மெக்டொனால்ட் என்பவர் உருவாக்கிய ஃபேட் என்னும் முறையிலிருந்து வளர்ந்ததே, 1981-இல் வந்த ஐ.பி.எம். கணினியின் வட்டுப் பதிவேடு. அதில் ஒரு வரிக்கு 32 பைட் இடம். பெயருக்கு 8 எழுத்தும் வகைக்கு 3 எழுத்துமே கிடைக்கும். அதற்கு மேல் எழுத இடமில்லை. பல ஆண்டுகள் மக்கள் பெயர்களைச் சுருக்கிச் சுருக்கியே காலம் தள்ளினார்கள்.

இதற்கிடையே வட்டைச் சரிபார்க்கும் கருவி நிரல்களும் பெருகின. 1982-இல் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட தொகுப்பு, தவறி அழித்த கோப்பை மீட்டுத் தந்து புகழ் பெற்றது. இத்தகைய கருவிகளுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. மற்ற நிரல்கள் இயக்க முறைமையிடம் கேட்டுத்தான் கோப்பைப் பெறும். இவையோ அதைக் கேளாமல் நேரே வட்டுக்குள் இறங்கிப் பதிவேட்டைத் திருத்தும்.

சிக்காகோ என்ற மறைபெயரில் வளர்ந்த விண்டோஸ் 95 இயக்க முறைமையில் 255 எழுத்துகள் வரை நீண்ட பெயர் வைக்க வழி செய்ய முனைந்தார்கள். ஆனால் பழைய நிரல்களும் அதே வட்டில் வேலை செய்தாக வேண்டும். ஆகவே பழைய குறும்பெயர் வரியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் கூடுதல் வரிகளைச் சேர்த்தார்கள். ஒரு வரிக்கு 13 எழுத்து வீதம் நீண்ட பெயர் அவற்றில் அமர்ந்தது. அவ்வரிகளுக்கு நான்கு அடையாளங்களை ஒருசேர இட்டார்கள். படிக்க மட்டும், மறைவானது, முறைமைக்கு உரியது, வட்டின் பெயர் என்பன அவை. இயல்பாக எந்த வரியிலும் இந்த நான்கும் சேர்ந்து வருவதில்லை. சாதாரண நிரல்கள் அவ்வரிகளைக் கண்டும் காணாமல் தாண்டிப் போயின.

வட்டுக் கருவிகளோ தாண்டவில்லை. நேயர்களே, இங்கேதான் ஆபத்து விளைந்தது. வட்டுக்கு ஒரு பெயர்தானே இருக்க வேண்டும், இங்கே எப்படி இத்தனை என்று பழைய கருவி ஐயுற்றது. கோப்பின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் பெயரின் எழுத்துகள் இருந்ததால், அளவும் பொருந்தவில்லை. பதிவேடு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி அவ்வரிகளை அழிக்க முற்பட்டது. பெயர்களை அகர வரிசையில் அடுக்கும் கருவியோ, நீண்ட பெயரை ஒரு பக்கமும் குறும்பெயரை மறுபக்கமும் பிரித்துப் போட்டது. கெடாத பதிவேட்டை, சரிசெய்கிறேன் என்று வந்த கருவியே கெடுத்தது. புதிதாக வந்த கிராணி, தமக்குப் புரியாத வரிகளையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டதைப் போலத்தான் இது.

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரங்கள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு நீண்ட பெயர் வரியிலும் குறும்பெயரிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணைப் பதித்தார்கள். எண் பொருந்தாவிட்டால் அவ்வரி துணையிழந்தது என்று கண்டுகொள்ளலாம். இரண்டாவது, வட்டுக்குப் பூட்டு. 1995 ஆகஸ்டு 24-ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 95, பூட்டைப் பெறாத நிரல் நேரே வட்டில் எழுத முயன்றால் தடுத்துவிடும். பழைய கருவியைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பவர், அதற்கென உள்ள கட்டளையைத் தாமே தட்டச்சு செய்ய வேண்டும். மூன்றாவது, நீண்ட பெயர்களைத் தனியே எடுத்து வைத்து, வேலை முடிந்தபின் திரும்பச் சேர்க்கும் சிறு நிரல் ஒன்றைக் குறுவட்டில் சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்கேன்டிஸ்க் என்னும் சரிபார்ப்புக் கருவியின், இரு வகை வரிகளையும் அறிந்த புதிய வடிவமும் உடன் வந்தது.

அந்தப் பழைய கருவிகளைக் கெட்டவை என்று நாம் சொல்லிவிட முடியாது. அவை எழுதப்பட்ட நாளில் அவை அறிந்தது அவ்வளவே. தமக்குத் தெரியாத ஒன்றைக் கண்டபோது, இது எனக்குப் புரியவில்லை என்று நிற்காமல், இது பிழை என்று தீர்ப்புச் சொன்னதுதான் கேட்டுக்குக் காரணம்.

அந்த நீண்ட பெயர் முறை இன்றும் பல பென்டிரைவ்களில் இருக்கிறது. ஆகவே ஒரு வட்டு கோளாறு காட்டினால், சரிசெய்யவா என்று கேட்கும் பொத்தானை உடனே அழுத்திவிட வேண்டாம். முதலில் படிக்க முடிந்த கோப்புகளை வேறோர் இடத்திற்குப் படியெடுங்கள். பிறகு திருத்தாமல் பார்க்க மட்டும் செய்யும் சோதனையை நடத்துங்கள். கருவி அந்த வட்டின் முறையை அறிந்ததுதானா என்று உறுதி செய்யுங்கள். அதன் பின்னரே திருத்த அனுமதி கொடுங்கள். ஆண்டு முழுதும் ஒரு பிள்ளை உழைத்துச் சேர்த்த பாடங்கள் ஒரு நொடியில் போய்விடக்கூடும். அவற்றைக் காக்க நாம் செலவிட வேண்டியது சில நிமிடங்கள்தாம்.